டேரிலுக்காகப் பேசியவள்

துறைமுக ஊரான போர்ட் பிரியில் ரேலீன் டன்ஸ்டனைத் தெரியாதவர்கள் குறைவு. உயர்நிலைப் பள்ளி உணவகத்தில் அத்தனை வருஷம் நின்றவள். மதிய மணி அடித்ததும் ஓடிவரும் பிள்ளைகளில் யாருக்கு இறைச்சி அடைத்த பாஸ்டிப் பலகாரம், யாருக்குத் தக்காளி சாஸ் ஆகாது, எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் தின்னாமல் வந்திருக்கிறது என்பதையெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் பொட்டலம் அதன் கையில் இருக்கும்.

"நான் இன்னும் கேட்கவே இல்லையே மிஸ்" என்று எந்தப் பிள்ளையாவது இழுத்தால், "கேட்கத்தானே போறே? வாங்கிட்டு நகரு, பின்னால வரிசை நிக்குது" என்பாள்.

பெரும்பாலும் அவள் நினைத்ததுதான் சரியாக இருக்கும். ஊரும் அதை ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் சாவு, ஒரு வீட்டில் பிரசவம், யாருக்காவது அடிலெய்டு ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றால், "ரேலீனைக் கூப்பிடு, அவ பாத்துக்குவா" என்பார்கள். அவளும் பார்த்துக்கொண்டாள். கணவன் க்வீன்ஸ்லாந்துச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொரு குடும்பத்தைத் தேடிக்கொண்டபோதுகூட, ஒருவரிடமும் அழாமல் மகள் டீகனைத் தனியாளாக வளர்த்து, படிக்க வைத்து, அடிலெய்டில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார வைத்தாள்.

டேரில் அவளுடைய தம்பி. பிறக்கும் நேரத்தில் மூளைக்கு மூச்சுக்காற்று போகாமல் தடைப்பட்டதில் கையும் காலும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. நாக்கும் அப்படித்தான். சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, ஊட்டி, குளிப்பாட்டி, எல்லாமே மற்றவர்கள்தான் செய்ய வேண்டும். புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. சரி என்றால் கண்ணை மேலே கூரைக்குத் தூக்குவான். வேண்டாம் என்றால் இறுக மூடிக்கொள்வான். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருந்தால் நாற்காலித் தட்டில் ஒட்டியிருந்த எழுத்துப் பலகையில் விரல் முட்டியால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவான். கை இழுத்துக்கொண்டு வேறு எழுத்தில் போய் விழும். திரும்பக் கொண்டுவருவான். ஒரு வார்த்தை முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும்.

ரேலீனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அவன் இரண்டு எழுத்தைத் தட்டியதுமே மீதியை அவளே சொல்லிவிடுவாள். "ஜன்னலா? திறக்கணுமா? இந்தா, திறந்தாச்சு." அவன் கண்ணை மேலே தூக்குவான். இதிலும் அவள் பெரும்பாலும் சரிதான். அம்மா இறந்தபின் அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து, பின்பக்க அறையின் கதவை அகலப்படுத்தி, படுக்கைக்கு மேலே ஆளைத் தூக்கும் கருவியைப் பொருத்தி வைத்துக்கொண்டாள். அவனுக்கான கையெழுத்து எல்லாம் அவளுடையது. டாக்டரிடம் பேசுவதும் அவள்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டம் ஊருக்கு வந்தபோது அவளுக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருந்தது, முதுகு போயிருந்தது. அதுவரை கிடைத்த உதவியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது மாறி, உதவி செய்யும் ஆளை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனது. அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்ட நிறுவனங்கள் இருந்தன. அவர்களைச் சோதிக்க ஆள் வரும், தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டும், எதற்கும் ஒரு விதி இருக்கும். பதிவே இல்லாத தனி ஆட்களும் இருந்தார்கள். திட்டத்தின் கணக்கு வழக்கைக் குடும்பமே பார்த்துக்கொள்வதாக இருந்தால், இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ரேலீனே பார்த்துக்கொள்வதாக எழுதிக்கொடுத்தாள். வேறு எப்படி எழுதுவாள்?

மாரோ மினெர்வினி அவளுடன் பள்ளியில் படித்தவன். அவனுடைய தாத்தா காலத்தில் இத்தாலியின் மொல்ஃபெட்டாவிலிருந்து வந்து பிரியில் படகு இறக்கிய மீனவக் குடும்பம். கயிறு சுற்றும் இயந்திரத்தில் மாட்டி மாரோவின் ஒரு தோள் பிய்ந்து, படகை விற்றுவிட்டு, மனைவி சில்வானாவின் கண்ணெதிரே வீட்டோடு இருந்தான். சூப்பர்மார்க்கெட்டில் ஒருநாள் பணம் கட்டும் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றான்.

"ரேலீன், எங்கயாவது வேலை இருந்தா சொல்லு. இன்னும் ஒரு மாசம் நான் வீட்டுல இருந்தேன்னா சில்வானா என்னைக் குப்பைத் தொட்டியோட சேர்த்துத் தெருவுல வச்சிருவா."

"எனக்கே ஒரு ஆள் வேணும். டேரிலைக் குளிப்பாட்டணும், ஊட்டணும், வெளிய கூட்டிட்டுப் போகணும். ஆனா உனக்குத்தான் தோள் இல்லையே?"

"ஒரு தோள்தானே போச்சு? இன்னொண்ணு சும்மாதான் தொங்குது."

மாரோ போலீஸ் சான்றிதழ் வாங்கிவந்தான். முதலுதவி வகுப்புக்குப் போய்வந்தான். அவனுடைய பதிவு, படிப்பு எல்லாம் அவ்வளவுதான்.

வந்த முதல் வாரமே ஒன்று நடந்தது. மாரோ டேரிலுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். டேரில் பலகையில் தட்டிக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த ரேலீன், "நண்டா? நண்டு வேணுங்கிறான். அதெல்லாம் ஆகாது மாரோ, அவனுக்குத் தொண்டையில சிக்கும். மசிச்சதுதான் குடுக்கணும்" என்றாள்.

"இரு ரேலீன். அவன் இன்னும் முடிக்கல."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். டேரிலின் கை இழுத்தது, திரும்பியது, இழுத்தது. மாரோ பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் எழுத்துகள் கூடி வந்தன. நண்டு பிடிக்கணும். தின்ன அல்ல. பிடிக்க.

மாரோ தொடையில் அடித்துச் சிரித்தான். "அப்படிச் சொல்லுங்க கேப்டன்! படகு போயிடுச்சு, ஆனா துறை அங்கயேதானே இருக்கு?"

அன்றுமுதல் டேரிலுக்குப் பெயர் கேப்டன். சாலமன்டவுன் துறையின் மரமேடையில் நாற்காலியை நிறுத்தி, வளைய வலையில் மீன்தலையைக் கட்டி இறக்கி, கயிற்றின் மறுமுனையை டேரிலின் மணிக்கட்டில் சுற்றிவிடுவான் மாரோ. நீல நண்டு வந்து இரையைப் பிடுங்கும்போது கயிறு அதிரும். அந்த அதிர்வு கைக்கு வந்ததும் டேரில் போடும் சத்தத்தில் கடற்காகங்கள் எழுந்து பறக்கும். பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து வேகவைத்து, சதையை நன்றாக மசித்துக் கஞ்சிபோல் ஆக்கி ஊட்டுவான். வாயைத் துடைத்துவிட்டு, "என் சமையல் ஆஸ்பத்திரிச் சமையலை விட மோசம்னு சொல்றாரு. சொல்லிட்டு ரெண்டாவது கிண்ணம் கேக்கிறாரு" என்பான். கால்பந்து நாட்களில் சண்டை. டேரில் போர்ட் அடிலெய்டு பக்கம், மாரோ எதிரணி. போர்ட் அடிலெய்டு தோற்ற மறுநாள் மாரோ வாசலிலேயே நின்று கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிப்பான்.

ரேலீன் அந்த வருஷங்களில் தூங்கினாள். அதற்கு முன்னும் பின்னும் அப்படித் தூங்கியதில்லை என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு வசந்த காலத்து மதியம் போன் வந்தது. மாரோ ஆஸ்பத்திரியிலிருந்து பேசினான்.

"டேரில் நல்லா இருக்கான். அதை முதல்ல கேட்டுக்க. நெத்தியில அடி. தையல் போட்டிருக்காங்க. தப்பு என்னோடது ரேலீன். நாற்காலிக்கு ஒரு பக்கம் பிரேக் போடல. வலையை இழுக்கத் திரும்பினேன், உருண்டு போய்க் கைப்பிடிக் கம்பியில மோதிட்டான்."

அவள் போய்ச் சேர்ந்தபோது டேரில் கட்டுப்போட்ட தலையுடன் உட்கார்ந்து மாரோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். மாரோவின் முகம்தான் வெளுத்திருந்தது. விவரம் எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து மாரோவிடம் கேட்டாள்: "நீங்க எந்தக் கம்பெனி?"

"கம்பெனி எதுவும் இல்ல. நான்தான்."

நர்ஸ் சாதாரணமாகத்தான் தலையை ஆட்டினாள். ஆனால் அந்தப் பதில் ரேலீனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. கம்பெனி எதுவும் இல்லை. துறையின் அந்தப் பக்கம் கம்பி இல்லாத இடமும் உண்டு. அங்கே உருண்டிருந்தால்?

அன்று மாலை டீகன் போனில் விடவில்லை. "அம்மா, நான் இதைத்தானே முதல்லருந்து சொல்றேன்? மாமா தண்ணிக்குள்ள போயிருந்தா நீ யார்கிட்ட போய்க் கேட்பே? சில்வானாகிட்டயா?"

"மாரோ நல்லவன்டி."

"நல்லவர்தான். நான் இல்லைன்னா சொல்றேன்? நாளைக்கு அவருக்கே நெஞ்சுவலி வந்து மாமா பக்கத்துல விழுந்துட்டா? அவருக்குப் பதிலா யார் வருவா? போன மாசம் டிவியில காட்டினாங்களே, ஒரே ஆளை நம்பி வீட்டுக்குள்ளயே கிடந்து புண்ணு வச்ச பொம்பளையை, நீயும் பார்த்தேல்ல? பதிவு பண்ணின கம்பெனின்னா ஆள் மாத்தி ஆள் வரும். கேள்வி கேட்க மேல ஒருத்தன் இருப்பான்."

மகள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் ரேலீனால் தாண்ட முடியாததாக இருந்தது. பயமும் நியாயமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் அவள் வேகம் இரட்டிப்பாகும். மூன்று கம்பெனிகளோடு பேசி, அடிலெய்டில் தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒன்றை முடிவு செய்துவிட்டுத்தான் மாரோவைக் கூப்பிட்டாள்.

சமையலறை மேசையில் தேநீரும் பிஸ்கட்டும் வைத்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள். மாரோ கோப்பையைத் தொடவில்லை.

"நெத்தியில அடிபட்டதுக்காகவா? அதுக்காகன்னா சொல்லு, நான் எதிர்த்துப் பேச மாட்டேன்."

"அதுக்காக மட்டும் இல்ல. பதிவுன்னு ஒண்ணு இருந்தா ஒரு பாதுகாப்பு மாரோ. நீயே பதிவு பண்ணிக்கோயேன்?"

"நான் ஒத்தை ஆளு. அதுக்கு ஆகுற செலவும் எழுத்து வேலையும் கம்பெனிக்காரனுக்குத்தான் கட்டுப்படியாகும். சரி, அதை விடு. கேப்டன் என்ன சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான்?"

"கேட்டியா?"

"மாரோ, அவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? பதிவு, விசாரணை, காப்பீடு… அவனுக்கு நண்டு தெரியும், கால்பந்து தெரியும். முடிவெடுக்க வேண்டியவ நான்."

மாரோ அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தான். ரேலீன் திரும்பினாள். நடைவழியில் சக்கரத்தின் விளிம்பு தெரிந்தது. பின்பக்க அறையில் வானொலி கேட்கட்டும் என்று அவள்தான் காலையில் அவனை அங்கே நிறுத்தியிருந்தாள். வானொலியை விட்டு நடைவழிவரை அவன் எப்படி உந்திக்கொண்டு வந்தான் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. ஒரு காலின் நுனி மட்டும்தான் அவன் பேச்சைக் கொஞ்சம் கேட்கும்.

"டேரில், வந்து…" என்று எழுந்தாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மாரோ போகும்போது அவனருகே குனிந்து, நல்ல கையால் அவன் பிடரியைப் பிடித்து நெற்றியோடு நெற்றி வைத்துக்கொண்டு நின்றான். என்ன சொன்னான் என்று ரேலீனுக்குக் கேட்கவில்லை.

கம்பெனி ஆட்கள் திங்கட்கிழமையே வந்தார்கள். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையுறை. யாரையும் குறை சொல்ல முடியாது. நேரத்துக்கு வந்தார்கள். நாற்காலியின் இரண்டு பிரேக்கும் ஒவ்வொரு முறையும் போட்டார்கள். ஆள் வராமல் போன நாள் ஒன்றுகூட இல்லை. ஆனால் வந்த ஆள் மறுபடி வருவது அபூர்வம். ஒவ்வொருவருக்கும் ரேலீனே ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இடது பக்கம் திருப்பினால் வலிக்கும், தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி போடாமல் கொடுத்தால் புரையேறும், கண்ணை மேலே தூக்கினால் சரி என்று அர்த்தம். துறைக்குப் போவது கூடாதென்று விதி. தண்ணீர் ஓரம், நாற்காலி, மரமேடை என்று மூன்று ஆபத்து ஒரே இடத்தில். அதற்குப் பதிலாக வணிக வளாகத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு செயற்கைப் பனைமரத்தின் கீழே நிறுத்தி, ஐஸ் கலந்த காப்பியைக் கெட்டியாக்கிக் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

டேரில் ஒன்றும் கேட்கவில்லை. பலகையில் தட்டுவதையே நிறுத்திவிட்டான். கேட்ட கேள்விக்குக் கண்ணால் பதில் சொல்வான். அதுவும் கம்பெனி ஆட்களுக்கு மட்டும். ரேலீன் கேட்டால் கண்ணை மூடுவான். தேநீர் வேணுமா, மூடுவான். ஜன்னலைத் திறக்கட்டுமா, மூடுவான். கோபமாக்கும், நாலு நாளில் போய்விடும் என்று நினைத்தாள். மழைக்காலம் வந்து போனது. உடம்பு இளைத்தது. டாக்டர் சோதனை செய்துவிட்டு நோய் ஒன்றும் இல்லை என்றார்.

வந்துபோனவர்களில் பிரசம்சா என்ற நேபாளத்துப் பெண் மட்டும் வேறு மாதிரி இருந்தாள். படித்துக்கொண்டே வேலை பார்ப்பவள். முதல் நாளே பலகையின் தூசியைத் துடைத்து டேரில் முன்னால் வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து தன் பாடப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்றே?" என்றாள் ரேலீன்.

"அவருக்கு ஏதாவது சொல்லணும்னா சொல்லட்டும்னு உட்கார்ந்திருக்கேன். அவசரம் இல்லையே?"

"அவன் இப்பல்லாம் பேசறதில்ல."

"பரவாயில்லைங்க. எனக்கும் பரீட்சை இருக்கு."

இரண்டாம் வாரம் டேரில் தட்டினான். ரேலீன் வாசற்படியில் நின்றாள். உள்ளே போகத் துணியவில்லை. பிரசம்சா போர்ட் அகஸ்டாவில் கம்பெனி நடத்தும் வீட்டைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் சேர்ந்து இருக்கிறார்கள், ஒருவர் பழைய ரயில்வேக்காரர், ராத்திரிச் சாப்பாடு என்னவென்று தினமும் சண்டை போட்டு ஓட்டெடுப்பு நடத்துவார்கள் என்றெல்லாம். டேரில் தொண்டைக்குள் சிரித்தான். அடுத்த மாதம் பிரசம்சாவை அந்த வீட்டுக்கே மாற்றிவிட்டார்கள். மறுபடி நீலச் சட்டையில் புது முகங்கள்.

ரேலீன் அதற்குமேல் தாங்கவில்லை. வீம்பை விட்டு மாரோ வீட்டுக்குப் போனாள். சில்வானா கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல், "பின்னால இருக்காரு" என்றாள். மாரோ கொட்டகையில் வலைக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்தான்.

"திரும்ப வா மாரோ. நான் செஞ்சது தப்பு."

அவன் வளையத்தில் இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினான். "எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா வர முடியாது ரேலீன். போர்ட் ப்ராட்டனில ஒருத்தர். சர்க்கரையில கண்ணு போச்சு, காலும் போச்சு. வாரம் பூரா அவரோடதான் இருக்கேன். என் கையை விட்டா சாப்பிட மாட்டேங்கிறாரு."

"டேரில் சாப்பிடறதே இல்ல."

"அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றே? அவரைப் பாதியில விட்டுட்டு வரவா? அவர் வீட்டுக்காரம்மாகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?" குரல் உயர்ந்ததை அவனே கவனித்துத் தணித்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை வர்றேன். வேலையா இல்ல. பார்க்க வர்றேன்."

வந்தான். டேரில் முகம் மலர்ந்தது. ஒரு மதியம் முழுக்கக் கால்பந்துச் சண்டை போட்டார்கள். ஆனால் மாரோ கிளம்பியதும் ரேலீன் பக்கம் திரும்பிய முகம் பழைய முகம்தான். அவனுக்குத் தேவைப்பட்டது மாரோ மட்டும் அல்ல என்று அன்றைக்குத்தான் அவளுக்கு லேசாக உறைத்தது.

டேரிலுக்கான அரசுத் திட்ட உதவியை மறுபரிசீலனை செய்யும் கூட்டம் வந்தது. அதற்கு முன்பே, பிரசம்சா இருந்தபோது அவள் மூலமாக, மாற்றுத்திறனாளிகள் பக்கம் நின்று பேசும் ஒரு சேவை அமைப்புக்கு டேரில் சொல்லியனுப்பியிருந்தான் போலிருக்கிறது. அடிலெய்டிலிருந்து இங்க்ரிட் என்ற நரைத்த முடிக்காரி வந்தாள். ரேலீன் கைகொடுத்து உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் சொல்லத் தொடங்கினாள். மாரோ, நெற்றி, கம்பெனி, பதிவு உள்ளவர்களின் நன்மை, இல்லாதவர்களின் நன்மை. தப்பைத் தான்தான் செய்தேன் என்றும் மறைக்காமல் சொன்னாள். இங்க்ரிட் முழுக்கக் கேட்டாள்.

"ரொம்ப நன்றி ரேலீன். இனிமே கொஞ்ச நேரம் நீங்க எதுவும் சொல்லாம இருக்க முடியுமா? இங்கயே இருங்க. சொல்லாம மட்டும் இருங்க."

பிறகு நாற்காலியை டேரிலுக்கு நேரே திருப்பிப் போட்டாள்.

"டேரில், இப்ப வர்ற கம்பெனி ஆளுங்க வீட்டுக்கு இதே மாதிரி வந்துக்கிட்டே இருக்கட்டுமா?"

டேரில் கண்ணை மூடினான்.

"மாரோ மாதிரி பதிவு இல்லாத தனி ஆள் யாரையாவது தேடலாமா?"

மூடினான். ரேலீன் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப என்ன வேணும்? எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

அவன் தட்டத் தொடங்கினான். முதல் எழுத்திலேயே ரேலீனுக்கு நான்கு வார்த்தைகள் தோன்றின. நான்கையும் விழுங்கினாள். கை இழுத்துக்கொண்டு போய்த் தட்டின் ஓரத்தில் இடித்தது. அவன் உதட்டோரம் எச்சில் வழிந்தது. துடைக்க எழுந்தவளை இங்க்ரிட் கண்ணாலேயே உட்கார வைத்தாள். வெளியே பக்கத்து வீட்டுக்காரன் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டி, முடித்து, உள்ளே போய்விட்டான். கடைசியில் பலகையில் நின்றது: வேறு வீடு. அகஸ்டா.

ரேலீனால் பொறுக்க முடியவில்லை. "ஏன்டா? இங்க என்னடா குறை? நான் என்ன பண்ணினேன்னு உனக்கே தெரியும், சரி, ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிட்டேன், அதுக்காக வீட்டை விட்டே…"

டேரில் அவளைப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு நேராகப் பார்த்தான். கோபம் இல்லாத பார்வை. அதுதான் அவளைக் கலக்கியது. பலகையின் கீழ்வரிசைக்கு, எண்கள் இருந்த இடத்துக்குக் கையை நகர்த்தி, ஐந்தையும் ஏழையும் தட்டினான்.

"ஐம்பத்தேழா? என்ன ஐம்பத்தேழு?" என்றாள் ரேலீன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. அவனுக்கு ஐம்பத்தேழு வயது.

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் கொடியில் கிடந்த துணியை எடுக்கத் தொடங்கினாள். இன்னும் காயாத துணி. எடுத்து மடித்துக் கூடையில் வைத்தாள். அவளும் இருபத்திரண்டு வயதில் அம்மா வீட்டை விட்டுக் கிளம்பியவள்தான். அன்றைக்கு யாரும் அவளிடம் இங்கே என்ன குறை என்று கேட்கவில்லை. போகிற பெண்ணுக்கு ஒரு போர்வையும் கேக்கும் கொடுத்து வாசலில் நின்று கையசைத்தார்கள். டேரிலும் நாற்காலியில் அங்கேதான் இருந்தான்.

அதன்பிறகு அவள் எதிர்க்கவில்லை. டீகன் போனில், "அம்மா, அந்தக் கம்பெனியோட வீடுதானே, பதிவு உள்ள இடம்தானே, நீ ஏன் அழறே?" என்று கேட்டாள். ரேலீன், "அழல" என்று சொல்லி வைத்துவிட்டாள். மகளுக்கு அதை எப்படி விளக்குவதென்று தெரியவில்லை. பதிவா இல்லையா என்று இத்தனை நாள் தலையை உடைத்துக்கொண்டது பொய்யில்லை. அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இரண்டையும் தட்டில் வைத்து அவன் முன்னால் நீட்டியிருந்தால், அவன் மாரோவைச் சொல்லியிருப்பானா, கம்பெனியைச் சொல்லியிருப்பானா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேட்கலாம், இப்போதும் கேட்கலாம். பதிலால் இனி ஆகப்போவது எதுவும் இல்லை.

சாமான் கட்டும் நாளில் அறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னைக்கு மாரோகிட்ட நான் சொன்னேன்ல. உனக்கு என்ன தெரியும்னு. அது… எனக்கு அப்ப பயம் டேரில். பயத்துல வந்துச்சு. உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

பின்னால் பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தாள். இம்முறை உண்மையாகவே காத்திருந்தாள். இரண்டாவது எழுத்தில் மனசு எங்கெங்கோ ஓடியது. பரவாயில்லை என்று சொல்லப்போகிறானோ? போகவில்லை என்று சொல்லப்போகிறானோ? எழுத்துகள் கூடின.

வானொலி.

"வானொலியா? அதை எடுத்து வைக்கணுமா?"

கண்ணை மேலே தூக்கினான்.

அவள் வானொலியின் வயரைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

போர்ட் அகஸ்டா ஒரு மணி நேரப் பயணம். ரேலீன் ஞாயிற்றுக்கிழமைதோறும் காரை எடுத்துக்கொண்டு போவாள். பிரசம்சாதான் பெரும்பாலும் கதவைத் திறப்பாள். டேரிலின் உடம்பு தேறியிருந்தது. ரயில்வேக்காரர் அவனை ஓட்டெடுப்பில் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டிருந்தார். மாரோவும் மாதம் ஒருமுறை போய்வருவதாகக் கேள்வி. அவளைக் கண்டால் டேரில் சிரிப்பான். தேநீர் வேண்டுமா என்று அவள் கேட்டால் பதில் சொல்வான். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்வானோ அப்படி, மரியாதையாக.

ஒரு ஞாயிறு அவள் முட்டைக் கஸ்டர்டு செய்து எடுத்துப் போயிருந்தாள். கட்டியில்லாமல், மசிக்கத் தேவையில்லாமல், அவர்கள் அம்மா செய்யும் பக்குவத்தில். கதவைத் திறந்தது வேறொரு இளைஞன்.

"டேரில் இல்லையே. எல்லாரும் மைதானத்துக்கு மேட்ச் பார்க்கப் போயிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

"இல்ல. சொல்லணும்னு ஒண்ணும் இல்ல" என்றாள் ரேலீன்.

"சாயங்காலம் ஆகும். உள்ள வந்து உட்காருங்களேன்."

"வேண்டாம்ப்பா. இதை ஃபிரிட்ஜில வச்சிரு. அவனுக்குக் குடுக்கும்போது…" என்று ஆரம்பித்தவள், எப்படி ஊட்ட வேண்டும், எந்தக் கரண்டி, தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நிற்க, நிறுத்திக்கொண்டாள். "வேணுமான்னு அவனைக் கேட்டுக்குடு."

காரில் வந்து உட்கார்ந்தாள். மைதானம் பக்கத்தில்தான். கூட்டத்தின் இரைச்சல் காற்றில் ஏறி இறங்கிக் கேட்டது. போய் ஓர் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைக் கிளப்பி, பிரி சாலையில் திருப்பினாள்.